குளிக்க வெந்நீர்: எதைக் கொண்டுவரலாம், எதை விட்டுவரலாம்?

நாடு திரும்பும்போது பலர் தண்ணீர் சூடாக்கும் ஹீற்றரையும் பொதியில் வைக்கிறார்கள். வேறு நாட்டில் நன்றாக வேலை செய்த ஹீற்றர் இங்கே ஆபத்தாகலாம். எடுத்துவருமுன் இதை வாசியுங்கள்.

பிரித்தானியாவிலிருந்து வருவோருக்கு

அங்கு பல வீடுகளில் மின்சார சவர் உண்டு. அதற்குத் தொட்டி இல்லை. ஓடும் நீரை அந்தக் கணமே சூடாக்கும். குளிர்காலத்தில் அங்கு குழாய்நீர் 10 பாகைக்கும் கீழே இறங்குவதால் 8 முதல் 10 கிலோவாற்று வரை மின்சாரம் இழுக்கும். இலங்கையில் வீடுகளுக்கு வழமையாகக் கிடைப்பது 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ற்றில் அது தாங்குவது ஏறக்குறைய 7 கிலோவாற்று மட்டுமே. அந்த சவரைப் பூட்டினால் பிரதான சுவிட்ச் விழும். வயர் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். உறவினர் அன்பாகத் தந்தாலும் எடுத்துவராதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கு

வாளிக்குள் வைக்கும் ஹீற்றர் கம்பி பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோவாற்று. இங்குள்ள மின்னழுத்தத்தில் அது வேலை செய்யும். ஆனால் அதன் பிளக் உருண்டை முனையுடையது. இங்கே பெரும்பாலும் சதுர முனை. மேல்துளையில் பேனையைக் குத்தி பிளக்கைத் திணிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் ஏர்த் வயர் இணையாது. எலக்றீசியனிடம் 13 அம்பியர் பிளக் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டாயம் கவனியுங்கள்

- ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் எந்த ஹீற்றரும் பாவிக்க வேண்டாம்.
- அயல்வீட்டிலிருந்து வயர் இழுத்த தற்காலிகக் கொட்டிலிலும் பாவிக்க வேண்டாம்.
- கம்பியைப் பிளாஸ்ரிக் வாளியில் வையுங்கள். நீருக்குள் வைத்த பின்பே சுவிட்சைப் போடுங்கள்.
- சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின்பே நீரைத் தொடுங்கள்.
- பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மின்சாரம் இல்லாமலும் முடியும்

வடக்கு, கிழக்கில் கிணற்றுநீர் 27, 28 பாகையளவில் இருக்கும். ஆகையால் அதிகம் சூடாக்கத் தேவையில்லை. குழந்தைக்கோ, பிள்ளை பெற்ற தாய்க்கோ, வயதானவர்களுக்கோ குளிக்க வார்ப்பதென்றால் கிணற்றுநீர் ஐந்து பங்குக்குக் கொதித்த நீர் ஒரு பங்கு போதும். முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு கொதிநீரையும் ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கி, முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்பே வாருங்கள்.