வெள்ளியங்கிரி போறீங்களா? மூட்டையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்!

கோவை,-

மாசி பிறந்துவிட்டால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்தில் பூண்டி பஸ்சுக்கு முண்டியடிக்கும் கூட்டம்தான்!

கடையை மூடிவிட்டு வந்த வியாபாரி, ஆபீசில் இருந்து நேராக வந்த குமாஸ்தா, ஷிப்டு முடித்த மில் தொழிலாளி எல்லாரும் அதில் இருப்பார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. ஏதோ கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும்.

பஸ் பேரூர், ஆலாந்துறை தாண்டி அடிவாரத்தில் இறக்கிவிடும். அதற்கு மேல் நடராஜா சர்வீஸ்தான்.

ஏழு மலை. சுமார் 6 கிலோ மீட்டர். உச்சி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 6 ஆயிரம் அடி. ஏறுவதற்கு மட்டும் பலருக்கு 5, 6 மணி நேரம் பிடிக்கும்.

அடிவாரத்தில் 5 கிலோவாக இருக்கும் பை, ஐந்தாவது மலையில் 50 கிலோவாகக் கனக்கும்!

விளையாட்டு அல்ல

2024-ம் ஆண்டு பருவத்தில் மலை ஏறியவர்களில் பலர் மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் இறந்துபோனார்கள். மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் உயிர் இழந்தார்கள்.

இருதய நோய், ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லி வருகிறது. வழியில் ஒருவர் விழுந்தால் ஆம்புலன்ஸ் வராது. டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அதற்கே பல மணி நேரம் ஆகிவிடும்.

ஆகவே மூட்டை கட்டும்போதே யோசிக்க வேண்டும். "இருந்தால் நல்லது" என்கிற சாமானை எல்லாம் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். "இல்லாவிட்டால் ஆபத்து" என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்தான் முதல் எதிரி

அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும். "இந்த வெயில்ல எதுக்குங்க ஸ்வெட்டர்?" என்று கேட்கத் தோன்றும்.

ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும். உச்சிக்குப் போவதற்குள் 8 டிகிரி வரை இறங்கிவிடும். அதோடு காற்று வேறு. வேர்வையில் நனைந்த சட்டையில் அந்தக் காற்று பட்டால் பல் தந்தி அடிக்கும்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுகிறவர்கள் ஏராளம். ஈரத்தோடு நிற்காதீர்கள்.

உலர்ந்த சட்டை ஒன்று, துண்டு ஒன்று, ஸ்வெட்டர் அல்லது கம்பளி ஒன்று. இது கட்டாயம்.

தண்ணீரும் சாப்பாடும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஐந்தாறு பாட்டில் சுமப்பது வீண் வேலை. இரண்டு லிட்டர் போதும். வழியில் பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை இருக்கின்றன. அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கோடை முற்றினால் சுனையில் நீர் குறையும் என்பதால் பாட்டில் காலியாகும் வரை காத்திருக்காதீர்கள்.

தயிர் சாதம் விடிவதற்குள் புளித்துவிடும். புளிசாதம் தாங்கும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வேர்க்கடலை எடை குறைவு, தெம்பு அதிகம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். வேர்வையில் போன உப்பை அது ஈடுகட்டும்.

மாத்திரை சட்டைப்பையில்

சர்க்கரை மாத்திரையோ வேறு மாத்திரையோ தினமும் சாப்பிடுகிறவர்கள் அதைப் பையின் அடியில் போடக்கூடாது. சட்டைப்பையில் இருக்க வேண்டும். முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரவில் ஏறுகிறவர்களுக்கு டார்ச் லைட் வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நம்பினால் பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு ஒரு போன் போடவும் முடியாது.

புதுச் செருப்பு, புது ஷூ வேண்டவே வேண்டாம். கடித்துவிடும். காலுக்குப் பழகியதே நல்லது.

அடிவாரத்தில் "கம்பு வேணுமுங்களா?" என்று கேட்பார்கள். பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது அதன் அருமை தெரியாது. இறங்கும்போது முழங்கால் சொல்லும்!

இவற்றுக்குத் தடை

தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் கூடவே கூடாது. கோடையில் புல் எல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும். 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மறக்க முடியுமா?

பிளாஸ்டிக் கவரும் கூடாது. அடிவாரத்தில் வன ஊழியர்கள் பையைச் சோதிப்பார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரித்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டிலேயே துணிப்பையில் கட்டிப் போனால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்குவார்கள். பாட்டிலைத் திருப்பிக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும்.

புறப்படுவதற்கு முதல் நாள், கட்டிய மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியைப் பத்து தடவை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் மூட்டையைக் குறையுங்கள். மார்பு வலித்தால் பயணத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மலையில் பாதி வழியில் வலித்தாலும் அப்படித்தான். அங்கேயே உட்காருங்கள். கூட வந்தவர்களிடம் உடனே சொல்லுங்கள். மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்!