அட்வான்ஸ் வார்ஸ்: கையடக்கக் கருவியில் ஒரு போர் உத்தி ஆட்டம்

அட்வான்ஸ் வார்ஸ் என்பது ஒருவர் மாறி ஒருவர் காய் நகர்த்தி ஆடும் போர் உத்தி நிகழ்பட ஆட்டம் ஆகும். ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. நின்டென்டோ நிறுவனம் இதைத் தன்னுடைய கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக 2001 செப்டம்பர் 10 அன்று வட அமெரிக்காவில் வெளியிட்டது. விதிகள் எளியவை, ஆனால் நன்றாக ஆடுவதற்கு நெடுநேரச் சிந்தனை வேண்டும். சதுரங்கமோ ஆடுபுலி ஆட்டமோ தெரிந்த ஒருவர் இதன் அடிப்படையை விரைவில் புரிந்துகொள்ளலாம்.

தோற்றம்

இத்தொடரின் முதல் ஆட்டம் ஃபேமிகாம் வார்ஸ். அது 1988-இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. 1991-இல் கேம் பாய் வார்ஸ், 1998-இல் சூப்பர் ஃபேமிகாம் வார்ஸ் ஆகியவை வந்தன. இவையும் ஜப்பானுக்கு வெளியே விற்கப்படவில்லை. பிற நாட்டினரை இத்தொடர் சென்றடைந்தது அட்வான்ஸ் வார்ஸ் வழியாகத்தான்.

படைகளைப் பலகையில் நகர்த்தும் பழக்கம் இதைவிட மிகப் பழையது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையையே இந்தியாவின் பழைய சதுரங்கம் காய்களாக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவரும் அவர் மகனும் உருவாக்கிய கிரீக்ஸ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டம் நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. நடுவர் செய்த கணக்கு வேலையை அட்வான்ஸ் வார்ஸில் கருவியே செய்துவிடுகிறது.

ஆட்டக்களம்

கேம் பாய் அட்வான்ஸின் திரை 2.9 அங்குலம், 240 × 160 படப்புள்ளிகள் கொண்டது. ஒரு கட்டத்துக்கு 16 × 16 புள்ளிகள் என்பதால் ஒரே நேரத்தில் 15 × 10 கட்டங்கள் தெரியும். களம் இதைவிடப் பெரிதானால் சுட்டியை நகர்த்தி மற்றப் பகுதிகளைப் பார்க்க வேண்டும்.

சதுரங்கப் பலகையில் எல்லாக் கட்டமும் ஒன்றே. இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தன்மை உண்டு. சாலை, சமவெளி, காடு, மலை, ஆறு, கடல், நகரம் எனப் பல வகை நிலங்கள் உள்ளன. ஒவ்வொரு நிலமும் அதில் நிற்கும் தரைப்படைக்கு நட்சத்திரக் கணக்கில் பாதுகாப்புத் தருகிறது: சாலைக்கு 0, சமவெளிக்கு 1, காட்டுக்கு 2, நகரத்துக்கு 3, மலைக்கும் தலைமையகத்துக்கும் 4. சாலையில் வேகமாகப் போகலாம், ஆனால் அடி முழுதாக விழும். காட்டில் வண்டிகள் மெதுவாகச் செல்லும், ஆனால் அடி குறையும். பீரங்கி வண்டியால் மலை ஏறவே முடியாது, காலாட்படை ஏறும்.

தாக்குதல் கணக்கு

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 10 உயிர்ப்புள்ளிகள் உண்டு. புள்ளி குறையக் குறைய அதன் தாக்கும் வலிமையும் அதே விகிதத்தில் குறையும். இந்த ஒரு விதியிலிருந்தே ஆட்டத்தின் பெரும்பாலான உத்திகள் பிறக்கின்றன.

எடுத்துக்காட்டாக, சாலையில் நிற்கும் ஒரு பீரங்கி வண்டியை அதே வகையான மற்றொரு வண்டி தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சேதம் 55 விழுக்காடு. அடிபட்ட வண்டி ஏறத்தாழப் பாதி வலிமையுடன்தான் திருப்பி அடிக்கும். அந்த எதிரடியின் சேதம் 27 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். சம வலிமையுள்ள இரண்டில் முதலில் அடித்தது முக்கால் உயிருடன் நிற்கிறது. மற்றது பாதி உயிரை இழந்துவிட்டது. ஆகவே எதிரியின் அடிதூரத்துக்குச் சற்று வெளியே நின்று, அவனை முதலில் நெருங்க வைத்து, பிறகு நாம் முதல் அடி அடிப்பதே நல்ல ஆட்டம். எதிரி வண்டி நகரத்துக்குள் நின்றால் அதே 55 விழுக்காடு 39-ஐ ஒட்டிக் குறைந்துவிடும். இவற்றோடு சிறிது அதிர்ஷ்டக் கணக்கும் சேரும். ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு அது பெரிதன்று.

தொலைவிலிருந்து சுடும் படைகள் வேறு வகை. பீரங்கி 2 முதல் 3 கட்டத் தொலைவிலும், ஏவுகணை வண்டி 3 முதல் 5 கட்டத் தொலைவிலும் தாக்கும். எதிரடி இவற்றுக்கு விழாது. ஆனால் ஒரே முறையில் நகர்ந்தும் சுட இவற்றால் முடியாது. பக்கத்தில் வந்துவிட்ட எதிரியையும் சுட முடியாது. எனவே முன்னால் காலாட்படையை வேலிபோல நிறுத்திப் பின்னால் பீரங்கியை வைப்பது அடிப்படை அணிவகுப்பு ஆகும்.

பணமும் நகரங்களும்

ஆட்டத்தின் ஒரு முறை ஒரு 'நாள்' எனப்படும். தன் வசமுள்ள ஒவ்வொரு நகரத்திலிருந்தும் தளத்திலிருந்தும் நாளொன்றுக்கு 1000 பணம் வரும். காலாட்படையின் விலை 1000, பீரங்கி 6000, பீரங்கி வண்டி 7000, குண்டுவீச்சு விமானம் 22000. ஒரு பீரங்கி வண்டியின் விலையில் ஏழு காலாட்படைகளை வாங்கலாம்.

பீரங்கி வண்டிக்கு எதிராகக் காலாட்படை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஆனாலும் நகரத்தைக் கைப்பற்றக் காலாட்படையாலும் ஏவுகணை ஏந்திய காலாட்படையாலும் மட்டுமே முடியும். ஒரு நகரத்துக்கு 20 கைப்பற்றல் புள்ளிகள் உண்டு. முழு உயிருள்ள காலாட்படை நாளுக்கு 10 புள்ளி குறைக்கும். இரண்டு நாளில் நகரம் கைமாறும். பாதி உயிருள்ள படைக்கு நான்கு நாள் ஆகும். புதிதாக ஆடுபவர்கள் விலையுயர்ந்த வண்டிகளை முதலில் வாங்கிவிட்டு வருமானத்தில் பின்தங்குவது வழக்கம். முதல் சில நாட்களில் மலிவான காலாட்படையை அனுப்பி நகரங்களைப் பிடிப்பவரே பின்னால் பெரிய படையைக் கட்டுவார்.

எதிரியின் படை முழுவதையும் அழித்தாலும் வெற்றி. அவன் தலைமையகத்தைக் கைப்பற்றினாலும் வெற்றி. படையில் தோற்றுக்கொண்டிருப்பவரும் கவனிக்கப்படாத ஒரு காலாளை அனுப்பி ஆட்டத்தை வெல்ல வழி உண்டு.

போர்மூட்டம்

சில களங்களில் தன் படைகளின் பார்வைத் தொலைவுக்கு அப்பால் உள்ள எதிரிகள் தெரியமாட்டார்கள். காட்டுக்குள் நிற்பவனைப் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால்தான் காணலாம். மலைமேல் ஏறிய காலாட்படைக்கு 3 கட்டம் கூடுதலாகத் தெரியும். தெரியாத எதிரிமேல் மோதினால் படை அங்கேயே நின்றுவிடும். எல்லாம் கண்முன்னே இருக்கும் சதுரங்கத்திலிருந்து இந்த ஆட்டம் முற்றிலும் வேறுபடும் இடம் இதுவே.

தளபதிகள்

ஆடுபவர் ஒரு தளபதியைத் தேர்ந்தெடுக்கிறார். ஆண்டி தன் படைகளைப் பழுதுபார்ப்பார். மேக்ஸின் நேரடித் தாக்குதல் வலியது, தொலைத்தாக்குதல் குறுகியது. கிரிட் இதற்கு நேர்மாறு. கான்பெயின் படைகள் வலியவை, ஆனால் விலை அதிகம். சமச்சீரற்ற படைகள் மோதும் சுவை தமிழருக்குப் புதிதன்று. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் ஒரே பலகையில் வேறு வேறு விதிகளுடன் மோதுகின்றன. புலி வெட்டி வெல்லும்; ஆடு சூழ்ந்து அடைத்து வெல்லும். தன் வலிமை எது என்று அறிந்து அதற்கேற்ப ஆடுவதே இரண்டிலும் பாடம்.

கையடக்கக் கருவிக்குப் பொருத்தம்

விரைவாக விரலை இயக்க வேண்டிய ஆட்டங்களை நடுவில் நிறுத்தினால் ஓட்டம் கெடும். முறைவைத்து ஆடும் ஆட்டத்துக்கு அந்தக் குறை இல்லை. தன் முறையின்போது எந்த இடத்திலும் சேமித்துவிட்டுக் கருவியை அணைக்கலாம். சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்கும் செல்லும் புறநகர் ரயில்களில் தொழிற்பேட்டை வேலைக்கும் கல்லூரிக்கும் நாள்தோறும் போய்வருவோரின் பொழுது இத்தகைய ஆட்டத்துக்கு ஏற்றது. கும்மிடிப்பூண்டிப் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். நிலையம் வந்ததும் மூடி வைத்துவிட்டு, திரும்பும்போது அதே நாளிலிருந்து தொடரலாம்.

ஒரே கருவியைக் கைமாற்றி நான்கு பேர் வரை ஆடும் வசதியும் இதில் உண்டு. திண்ணையில் பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதைப் போன்றதே இது. களங்களைத் தாமே வரைந்து அமைக்கும் பகுதியும் உள்ளது.

உண்மைப் போரின் நிழல்

வட அமெரிக்காவில் இந்த ஆட்டம் வெளியான மறுநாள், 2001 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. ஐரோப்பாவில் ஆட்டம் 2002 ஜனவரியில் வந்தது. ஜப்பானிலோ 2004 நவம்பரில்தான், இரண்டாம் பாகத்துடன் சேர்த்து ஒரே தொகுப்பாக வெளிவந்தது. முதல் இரு பாகங்களையும் நின்டென்டோ ஸ்விட்ச் கருவிக்காக வேஃபார்வர்டு நிறுவனம் புதுப்பித்தது. அது 2022 ஏப்ரலில் வர இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. உலக நிகழ்வுகளைக் காரணம் காட்டி நின்டென்டோ வெளியீட்டைத் தள்ளிவைத்தது; ஆட்டம் 2023 ஏப்ரல் 21 அன்று வெளிவந்தது.

வண்ணச் சித்திரம்போல் வரையப்பட்ட படைகளுக்கு இத்தனை தயக்கம் ஏன் என்று கேட்கலாம். இந்த ஆட்டத்தின் நகரங்களில் மக்கள் இல்லை. நகரம் என்பது நாளுக்கு 1000 பணம் தரும் ஒரு கட்டடம். அது கைமாறினால் நிறம் மாறும், அவ்வளவே. உண்மையில் ஒரு ஊர் கைமாறும்போது அங்கிருந்தவர்கள் எங்கோ போகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. போரால் ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளும் அங்கு வாழ்கிறார்கள். ஆட்டத்தின் கணக்கில் வராதவர்கள் இவர்களே.

இதனால் ஆட்டம் தீயது என்று ஆகாது. சதுரங்கமும் படைகளின் ஆட்டம்தான். அதை ஆடுவோரை நாம் போர் விரும்பிகள் என்பதில்லை. பொறுமை, முன்கணிப்பு, உள்ளதைக் கொண்டு சமாளித்தல் ஆகியவற்றை இத்தகைய ஆட்டங்கள் பழக்குகின்றன. போரைப் பற்றி அறிய விரும்புவோர் அதற்கு வரலாற்றையும், போரை வாழ்ந்தவர்களின் சொற்களையும் நாட வேண்டும்.

பின்வந்த ஆட்டங்கள்

இரண்டாம் பாகம் 2003-இலும், நின்டென்டோ டிஎஸ் கருவிக்கான டூயல் ஸ்ட்ரைக் 2005-இலும் வெளிவந்தன. 2008-இல் வந்த டேஸ் ஆஃப் ரூயின், விண்கற்கள் விழுந்து மனித இனத்தில் பெரும்பகுதி அழிந்த உலகில் நடக்கிறது. முந்தைய பாகங்களின் விளையாட்டுத்தனம் அதில் இல்லை. 2019-இல் சக்கிள்ஃபிஷ் நிறுவனம் வெளியிட்ட வார்குரூவ், இதே வகை விதிகளைக் கற்பனை அரசர்களின் உலகுக்குக் கொண்டுசென்றது.