வெட்டு விழுந்தால் வெளிச்சம்

கணையம் சுரக்கும் டிரிப்சின், நாம் சாப்பிடும் புரதத்தைத் துண்டுபோடும் நொதி. கணையத்துக்குள் இருக்கும்வரை அது டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் இருக்கும்; சிறுகுடலுக்குப் போன பிறகே வெட்டத் தொடங்கும். கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் சொந்த உறுப்பையே செரிக்க முற்படும். கணைய அழற்சியில் நடக்கும் கொடுமை அதுதான். வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் ஆள் வேலை செய்வதும் ஒன்றல்லவே! எனவே நொதி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் கைகொடுப்பவை குவாண்டம் புள்ளிகள். சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகங்கள் இவை. புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும். நிறத்தைத் தீர்மானிப்பது அளவு: ஒரே காட்மியம் செலினைடுதான், சிறிய படிகமானால் நீலம், பெரிதானால் சிவப்பு. இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புள்ளிகளைக் கொண்டு நொதியின் வேலையைக் காட்டும் உணரியின் அமைப்பு எளிது, அழகானதும்கூட. புள்ளியின் மேற்பரப்பில் பெப்டைடு என்னும் குறும்புரதச் சங்கிலியைப் பொருத்துகிறார்கள். அதன் மறுமுனையில் ஒரு சாயம். சாயம் மிக அருகில் இருப்பதால் புள்ளி வாங்கிய ஆற்றலை அது பறித்துக்கொள்கிறது. புள்ளி மங்கிக் கிடக்கிறது. இந்த ஆற்றல் கைமாற்றத்துக்குக் கணக்கு வகுத்தவர் ஜெர்மானியரான ஃபோர்ஸ்டர். இடைவெளி இருமடங்கானால் கைமாறும் வேகம் 64-இல் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அதாவது, சாயம் சில நானோமீட்டர் விலகினாலே போதும்.

டிரிப்சின் வருகிறது. லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்து வெட்டுவது அதன் இயல்பு. சங்கிலி அறுந்து சாயம் விலக, புள்ளி பளிச்சிடுகிறது. ஒரே நொதி மூலக்கூறு சங்கிலிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே போவதால், கொஞ்ச நொதி இருந்தாலும் ஒளி கூடிக்கொண்டே வரும். அது கூடும் வேகம்தான் நொதியின் செயல்திறன். பெப்டைடை மாற்றினால் ரத்தம் உறையச் செய்யும் திராம்பினையும், செல்லின் சாவை நடத்தும் காஸ்பேஸையும் பிடிக்கலாம். நொதியைத் தடுக்கும் மருந்தைச் சோதிக்கவும் இதே ஏற்பாடுதான்: மருந்து பலித்தால் ஒளி திரும்பாது.

காட்மியம் நச்சு என்பது பெரிய குறை. 2004-இல் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கிடைத்த கார்பன் புள்ளிகள் அதற்கு நல்ல மாற்று. ரத்தம் வேறொரு சிக்கல். அதிலுள்ள பொருள்கள் ஒளியை விழுங்கும், தாமும் ஒளிரும். புரதங்கள் புள்ளியின் மேல் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த கரைசலில் காட்டிய துல்லியத்தை ரத்தத்திலும் காட்டினால்தான் இந்த உணரியை நோயாளியின் படுக்கையருகே நம்பிக் கொண்டுபோக முடியும்.