ஹலாலா என்று கேட்கிறோம், தையிபா என்று கேட்கிறோமா?

ஒரு கிறீமை வாங்குவதற்கு முன் "இது ஹலாலா?" என்று கேட்கும் சகோதரிகள் இன்று நம்மிடையே பலர் இருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க விடயம். ஆனால் அல்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது 'ஹலால்' என்பதோடு 'தையிப்' என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தூய்மையானது, நல்லது என்பது அதன் கருத்து. தோலில் பூசும் பொருளுக்கும் இந்த இரண்டாவது கேள்வி அவசியம் என்பது எனது கருத்து.

பொதியின் முன்பக்கத்தில் 'இயற்கையானது', 'கிளீன்', 'ஹேர்பல்' என்று அச்சிட்டிருப்பார்கள். இவை விளம்பரச் சொற்கள். 'கிளீன்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூட சட்டரீதியான வரைவிலக்கணம் கிடையாது. இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடலாம்.

ஆகவே பொதியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள பட்டியலில் அதிகமாக உள்ள பொருளே முதலில் வரும். 'அக்வா' என்றால் தண்ணீர். 'பர்ஃபியூம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வாசனை இரசாயனங்கள் இருக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. 'சீட்டைல் அல்கஹோல்' என்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், போதை தருவதல்ல. கிளிசரின் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 'கார்மைன்' அல்லது 'சீ.ஐ. 75470' என்பது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு நிறம். இவ்விரண்டையும் பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, பட்டியலே இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்கள்தான். கல்யாணம் நெருங்கும்போது பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால் அதில் பாதரசமோ கடுமையான ஸ்டீரொய்ட் மருந்தோ கலந்திருக்கக்கூடும். பாதரசம் தோலின் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. கூடவே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது. கர்ப்பிணித் தாயின் வயிற்றிலுள்ள குழந்தையையும் அது விட்டுவைப்பதில்லை. தாயின் கன்னத்தில் முகம் வைக்கும் பிள்ளைக்கும் அது தொற்றும். ஸ்டீரொய்ட் தோலை மெலிதாக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மீண்டும் அதையே பூசுவார்கள்.

இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகு சாதனப் பொருட்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025ஆம் ஆண்டுடன் முற்றாக நிறுத்தக் கோருகிறது. ஆனால் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. வாங்குபவரும் தடுக்க வேண்டும்.

தையிப் என்பது நமது முகத்தோடு முடிவதுமில்லை. சில ஸ்கிரப்களில் உள்ள நுண் பிளாஸ்டிக் மணிகள் பட்டியலில் 'பொலிஎதிலீன்' என்று இருக்கும். முகம் கழுவிய நீரோடு அவை கடலுக்குப் போய் மீனின் வயிற்றுக்குள் சேருகின்றன. அரைத்த பயறும் அதே வேலையைச் செய்யும்.

உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உள்ளடக்கப் பட்டியல் ஆகிய நான்கும் இல்லாத பொருளை வாங்காதீர்கள். அப்படியொன்று விற்கப்படுவதைக் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திற்கு அறிவியுங்கள். ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த டப்பாவோடு தோல் வைத்தியரைச் சந்தியுங்கள்.

தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை விதி. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் நிறத்தைக் கேட்பதை நிறுத்தினால் இந்தக் கிறீம்களுக்குச் சந்தையே இருக்காது. அந்த மாற்றத்தை நமது வீடுகளிலிருந்தே தொடங்க அல்லாஹ் அருள் புரிவானாக.