கூடத்துக்கு வந்த பீரோ

கட்டிலும் மெத்தையும் இல்லாமல் தர்ப்பைப் புல்லின் மேல் இராமபிரான் சயனித்த தலம் என்று திருப்புல்லாணிக்குப் பெருமை உண்டு. இன்று எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பலர் வீட்டில் கட்டில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறார். கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. அதன் மேல் அரிசி மூட்டை படுத்திருக்கிறது. பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்த பீரோ நிற்கிறது. திறந்தால் புடவை இல்லை. தேயிலைப் பொட்டலமும் ஊதுபத்திக் கட்டும் இருக்கின்றன.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கூடமும் இப்படித்தான் இருந்தது. முன் அறையில் கடை, பின்னால் குடித்தனம் என்று பிழைப்பு நடத்தும் சிறு வணிகருக்குத் தனியாகக் கிடங்கு எடுக்க வசதி ஏது? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரையில் நீராட வரும் கூட்டத்தை நம்பிச் சரக்கு இறக்குகிறோம். கடையில் இடம் தீர்ந்தவுடன் சரக்கு கூடத்துக்கு வருகிறது. அதை வைக்க, படுக்கை அறையில் இருந்த கட்டிலும் பீரோவும் கூடத்துக்கு வருகின்றன. இது சரியா, தவறா என்று விவாதிப்பதைவிட, செய்வதை நஷ்டமில்லாமல் செய்வது எப்படி என்று பார்ப்பதே வணிகருக்குப் பயன் தரும்.

பழைய வீடுகளில் இருந்த முறை

படுக்க ஓர் அறை, உட்காரக் கூடம், சாமானுக்குத் தனி இடம் என்ற பிரிவே நம் வீடுகளில் அண்மைக் காலத்தில் வந்ததுதான். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் வளவைச் சுற்றி உள்ள அறைகள் மணமான மகன்களுக்கென ஒதுக்கப்பட்டவை. சீர் சாமான்களையும் பெட்டகங்களையும் அங்கே வைத்துப் பூட்டினார்கள். பெரும்பாலோர் படுத்தது திறந்த பத்தியிலும் கூடத்திலும்தான். நெல் விளையும் ஊர்களில் பத்தாயத்தின் மேலேயே பாய் விரித்துப் படுத்தவர்கள் உண்டு. சாமானும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் சாமானுக்கென்று செய்த மரப்பெட்டியில் சாமான் இருந்தது.

பீரோ அப்படிப்பட்டதன்று. பீரோ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்தும், அலமாரி என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்தும் நமக்கு வந்தவை. பம்பாயில் 1897-இல் பூட்டுத் தொழிலில் இறங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. பிறகு இரும்பு பீரோ நம் ஊர்க் கல்யாணச் சீரில் தவறாத பொருளாகிவிட்டது. துணிக்கும் நகைக்கும் பத்திரத்துக்கும் என்று செய்த பெட்டி அது. மளிகைச் சரக்கை அதில் வைத்தால் சிலவற்றைக் காக்கும், சிலவற்றைக் கெடுக்கும். இந்த வேறுபாடு தெரியாததால்தான் நஷ்டம் வருகிறது.

நான் பட்ட நஷ்டம்

ஒரு மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பயந்து தேயிலைப் பொட்டலங்கள் முழுவதையும் பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். மேல் தட்டில் பட்டுப் புடவைகள் இருந்தன. அவற்றின் நடுவே பாச்சை உருண்டைகள். இருபது நாள் கழித்து வாடிக்கைக்காரர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, டீயில பாச்சை உருண்டை வாடை அடிக்குது" என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் போட்டுக் குடித்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. மீதிப் பொட்டலங்கள் அத்தனையையும் குப்பையில் கொட்டினேன்.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் பொருள். காற்று புகாத பீரோவில் வாசனை வெளியேற வழியில்லை. பாச்சை உருண்டை வாசனை மட்டுமன்று, உடலுக்குத் தீங்கான இரசாயனமும் ஆகும். துணி பீரோவில் உணவுப் பொருள் வைக்க வேண்டுமானால் உருண்டைகளை முழுவதும் அகற்றி, தட்டுகளைத் துடைத்து, கதவுகளை நாலைந்து நாள் திறந்து போட்டு, நெடி சிறிதும் இல்லை என்று உறுதி செய்த பிறகே வைக்க வேண்டும். தேயிலையும் சோப்பும் ஒரே பீரோவில் இருக்கலாகாது. ஊதுபத்தி, கற்பூரம் இரண்டும் உணவுப் பொருளுக்கு அருகில் வரக்கூடாது.

எதில் எதை வைக்கலாம்?

கட்டில்: கிடங்குக்கு மிகவும் பயன்படுவது கட்டில்தான். மெத்தையை எடுத்துவிட்டால் சட்டங்களுக்கு இடையே காற்று போகும். மூட்டை தரையின் ஈரத்தைத் தொடாது. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்வதும் ஆகும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டால் எலி நடமாட்டமும் தெரியும், பெருக்கவும் முடியும். ஆனால் பாரத்தைக் கணக்கிடுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய சிப்பங்களுக்கு வரி வந்தபின் 26 கிலோ அரிசி மூட்டை புழக்கத்துக்கு வந்தது. அதில் பத்து மூட்டை அடுக்கினால் 260 கிலோ. இரண்டு பேர் படுக்கச் செய்த கட்டில் அதை நெடுநாள் தாங்காது. நடுச்சட்டத்தின் கீழ் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்து, பாரத்தைக் கால்களின் பக்கமாகப் பரப்பி வையுங்கள். அடியில் பெட்டி வைத்த கட்டிலில் தானியம் வேண்டாம். அந்த இருட்டில் வண்டு வைத்தால் வெளியே தெரியாது.

இரும்பு பீரோ: எலி புகாது, தூசி படாது. சீலிட்ட மசாலா பாக்கெட், பீடிக்கட்டு, பேட்டரி, நோட்டுப் புத்தகம், தையல் சாமான் ஆகியவற்றுக்கு ஏற்றது. உப்பும் புளியும் மட்டும் அதில் கூடவே கூடாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்கரையில் இருக்கும் நமக்கு அத்தகைய நாட்கள் குறைவில்லை. கசிந்த உப்பு இரும்பை அரிக்கும். புளியின் அமிலமும் அப்படியே. கருப்பட்டி ஐப்பசி, கார்த்திகை மழையில் இளகும். பீரோவில் வைத்தால் தட்டெல்லாம் பாகாகி எறும்பு ஏறும். இவற்றுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்தான் சரி. குண்டு மிளகாய் வற்றலை நன்றாகக் காயவைத்துச் சாக்கில் கட்டி, காற்றோட்டமான கட்டில் மேல் வையுங்கள். ஈரத்தோடு பீரோவில் பூட்டினால் பூசணம் பிடிக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயை நாமே பூசணம் பிடிக்கவிட்டு விற்கலாமா? கனமான சரக்கைக் கீழ்த்தட்டில் வைத்து, பீரோவைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். மேல்பாரம் அதிகமான பீரோ, குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கினால் சாய்ந்துவிடும்.

மர அலமாரி: கரையான்தான் இதன் எதிரி. சுவரோடு ஒட்டாமல் நிறுத்தி, முதுகுப் பலகையை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்தும் பழைய வழக்கம் எறும்புக்கு நல்ல தடை. நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் கொசு உற்பத்தியாகும்.

டிரஸ்ஸிங் டேபிள்: ஊசி, பின், ரிப்பன், திரிநூல், குங்குமப் பொட்டலம் போன்ற சில்லறைச் சாமானுக்கு அதன் இழுப்பறைகள் அஞ்சறைப் பெட்டி போல உதவும்.

கதவுக்குப் பின்னால் தூங்கும் பணம்

கடைத் தட்டில் உள்ள சரக்கு தினமும் கண்ணில் படும். பீரோவில் பூட்டிய சரக்கு கண்ணில் படாது. கண்ணில் படாதது விற்காது. கையில் சரக்கு இருப்பது மறந்து, சேல்ஸ்மேன் வந்ததும் அதையே மறுபடி வாங்குவோம். பின்னால் வாங்கியது முதலில் விற்கும், முன்னால் வாங்கியது காலாவதியாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு ஆறு மாதம் பீரோவில் தூங்கினால், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 1,200 ரூபாய் போய்விட்டது. கிடங்கு வாடகையை மிச்சப்படுத்தினோம் என்று நினைக்கிறோம். அந்த வாடகையை வட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிவதில்லை.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொரு கதவின் உட்புறமும் ஒரு தாள் ஒட்டுங்கள். வைத்த தேதி, சரக்கு, எண்ணிக்கை, காலாவதித் தேதி என நான்கு கட்டம் போதும். எடுக்கும்போது அடியுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால் இருக்கட்டும். அரிசி வண்டின் முட்டை முழு வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகையால் தானியம் எதுவானாலும் மாதம் ஒருமுறை இறக்கிப் பார்ப்பது நல்லது. அமாவாசை வியாபாரத்துக்கு வாங்கியதில் மிஞ்சியதை மறுவாரமே கடைத் தட்டுக்குக் கொண்டுவந்து, விலையைச் சற்றுக் குறைத்தாவது கழித்துவிடுங்கள்.

மனிதர் படுக்கும் இடம் என்பதை மறக்காதீர்

சரக்கு இருக்கும் இடத்துக்கு எலியும் வண்டும் வரும். அவற்றைக் கொல்ல மருந்து வாங்க மனம் ஓடும். இங்கேதான் நாம் நிற்க வேண்டும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நாம் எல்லாரும் படித்தோம். தானியக் கிடங்குகளில் புகை போடப் பயன்படுத்தும் மாத்திரைகள் ஈரக்காற்றுப் பட்டால் நச்சு வாயு விடுபவை. மனிதர் படுத்துறங்கும் வீட்டில் அவற்றை வைக்கவே கூடாது. எலிப்பொறியும், ஓட்டை அடைக்கும் சிமெண்டும், சிந்தியதை அன்றன்றே பெருக்கும் துடைப்பமும் போதும்.

கற்பூரம், தீப்பெட்டி, விளக்கெண்ணெய் ஆகியவை பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் தொலைவில் இருக்க வேண்டும். கட்டிலோ பீரோவோ வாசலை மறைக்கக்கூடாது. இரவில் அவசரம் என்றால் எல்லாரும் வெளியே ஓட வழி வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். வீட்டுக்கு எடுக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' காப்பீடு வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்குமானது. விற்பனைச் சரக்குக்கானது அன்று. 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில், வணிகத்துக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற காப்பீடு இருக்கிறது. கூடத்திலும் சரக்கு இருப்பதைச் சொல்லி எடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், கடைக்கு வேறு முகவரியில் உள்ள வீட்டில் சரக்கு வைத்தால் அதைக் கூடுதல் வணிக இடமாகப் பதிவில் சேர்க்க வேண்டும்.

பீரோ யாருடையது?

தேயிலையைக் கொட்டிய அன்று என் மனைவி திட்டவில்லை. "என் பீரோவை எப்ப திருப்பித் தருவீக?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சீராக வந்த பொருள் பெண்ணுக்கே சொந்தம் என்பது சட்டமும் வழக்கமும் ஒப்புக்கொண்ட செய்தி. அதற்கு நாம் வாடகையும் தருவதில்லை, கணக்கிலும் எழுதுவதில்லை. பிள்ளைகள் படிக்க இடமில்லை, வந்த உறவினர் உட்கார இடமில்லை என்பதும் கணக்கில் வராத செலவுதான்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பீரோ அவளுடைய அறைக்குத் திரும்பிவிட்டது. பழைய கட்டில் ஒன்று மட்டும் கூடத்தில் இருக்கிறது. அரிசியும் வற்றலும் அதில். உப்பும் புளியும் கருப்பட்டியும் டிரம்மில். கட்டில் கொள்ளாத சரக்கை வாங்குவதில்லை. கையிருப்பு குறைந்ததால் வியாபாரம் குறையவில்லை. இராமநாதபுரம் பத்துக் கிலோமீட்டர்தான். தீர்ந்தால் மறுநாள் போய் வாங்கிவரலாம்.

வணிக நண்பர்கள் இன்றிரவு கடை அடைத்தபின் கூடத்து பீரோவை ஒருமுறை முழுவதும் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வாங்கியதையே மறந்துபோன சரக்கு ஒன்றாவது அதில் இருக்கும். அதை நாளைக் காலையில் கடைத் தட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.