லேப்டாப்பில் எட்டிப் பார்க்கும் மிரட்டல் பெட்டி!

புது லேப்டாப் வீட்டுக்கு வருகிறது. மஞ்சள், குங்குமம் வைத்துத் திறக்கிறார்கள். பையன் பாடம் படிக்க உட்காருகிறான்.

முதல் மாதம் ஒரு தொல்லையும் இல்லை.

பிறகுதான் தொடங்குகிறது விவகாரம்! திரையின் வலது பக்க மூலையில் ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்க்கிறது. "உங்கள் பாதுகாப்பு முடியப் போகிறது" என்கிறது. மூடினால் போய்விடுகிறது. மறுநாள் மீண்டும் வருகிறது. சில நாட்களில் எழுத்து சிவப்பாக மாறுகிறது. "பாதுகாப்பு முடிந்துவிட்டது! உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது! உடனே புதுப்பியுங்கள்!"

வீட்டில் கலக்கம். பணம் கட்டாவிட்டால் லேப்டாப் கெட்டுவிடுமோ? குழந்தைகளின் போட்டோ, பாங்கிக் கணக்கு எல்லாம் திருடு போய்விடுமோ?

"பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம்" என்கிறார் அப்பா.

சற்றுப் பொறுங்கள், ஐயா! அந்தப் பெட்டியில் பேசுகிறவர் ஒரு வியாபாரி!

திண்ணை வாடகை

லேப்டாப் கடைக்கு வருமுன்பே அதற்குள் சில சாப்ட்வேர்களை ஏற்றிவிடுகிறார்கள். நாம் கேட்டு வாங்கியவை அல்ல அவை. வைரஸைத் தடுக்கும் "ஆன்ட்டி வைரஸ்" அவற்றில் முக்கியமானது. மெக்காபி, நார்ட்டன் என்ற பெயர்களைப் பலர் பார்த்திருப்பார்கள். சில நாட்களோ சில மாதங்களோ இலவசம். அதன் பிறகு சந்தா கட்ட வேண்டும்.

இவர்களை உள்ளே விட்டது யார்? லேப்டாப் கம்பெனிதான். லேப்டாப் விற்பதில் லாபம் சொற்பம். ஆகவே, சாப்ட்வேர் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிறார்கள். வீட்டை விலை கொடுத்து வாங்கியவர் நீங்கள். திண்ணையை வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்தவர் விற்றவர்!

2008-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. "வேண்டாத சாப்ட்வேர் எதுவும் இல்லாமல் லேப்டாப் தருகிறோம். அதற்கு 50 டாலர் கட்டணம்" என்று அமெரிக்காவில் சோனி கம்பெனி அறிவித்தது. குப்பையைப் போடாமல் இருப்பதற்குக் கூலி! ஜனங்கள் கொதித்தார்கள். கம்பெனி உடனே அந்தக் கட்டணத்தை ரத்து செய்தது.

காவலாளி உள்ளேயே!

ஆன்ட்டி வைரஸை நீக்கிவிட்டால் லேப்டாப் அநாதையாகிவிடாதா?

ஆகாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு விண்டோஸுடன் ஒரு காவலாளி சேர்ந்தே வருகிறான். அவன் பெயர் டிபெண்டர். அவனுக்குச் சந்தா கிடையாது. ஜெர்மனியில் ஏ.வி.டெஸ்ட் என்ற சோதனைக் கூடம் இருக்கிறது. எல்லா ஆன்ட்டி வைரஸ்களையும் பரீட்சித்துப் பார்ப்பதே அதன் வேலை. அங்கே டிபெண்டர் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

வேறு ஆன்ட்டி வைரஸ் வந்தால் டிபெண்டர் ஒதுங்கி நிற்கும். அதை நீக்கியதும் தானாகவே காவலுக்கு வந்துவிடும். ஒரு பைசா செலவில்லை.

காலாவதியான ஆன்ட்டி வைரஸை நீக்காமல் அப்படியே வைத்திருப்பதுதான் தப்பு. புதிதாக வரும் வைரஸ்களை அது அறியாது. நச்சரிக்க மட்டும் தெரியும்!

சந்தா கட்டி வாங்குவதில் கூடுதல் வசதிகள் சில உண்டு. அவை தேவை என்று கருதுகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். பயந்து போய் வாங்க வேண்டியதில்லை.

வெளியேற்றும் வழி

முதலில் பெட்டியின் மேலே இருக்கும் பெயரைப் படியுங்கள். பேசுகிறவர் யார் என்று தெரிந்துவிடும்.

பிறகு "ஸ்டார்ட்" பொத்தானை அழுத்தி, பல்சக்கரம் படம் போட்ட "செட்டிங்ஸ்" என்பதைத் திறக்க வேண்டும். அதில் "ஆப்ஸ்" என்று இருக்கும். அதற்குள் "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" என்று இருக்கும். லேப்டாப்பில் உள்ள எல்லா சாப்ட்வேர்களின் பெயரும் அங்கே வரிசையாக வரும். பெட்டியில் பார்த்த பெயரைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் தெரியும். அவற்றைத் தொட்டால் "அன்இன்ஸ்டால்" என்று வரும். அதை அழுத்துங்கள்.

லேசில் போகமாட்டார்! "நிச்சயமாகவா? பாதுகாப்பு போய்விடுமே!" என்று கெஞ்சுவார். "பாதி விலைக்குத் தருகிறோம்" என்றுகூடச் சொல்வார். மசியாதீர்கள். முடிந்ததும் லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. "ஸ்டார்ட்" பொத்தானை அழுத்தி, "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று டைப் செய்து திறவுங்கள். "வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்" என்ற இடத்தில் பச்சை நிற டிக் அடையாளம் இருந்தால் காவலாளி வேலைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் எழுந்து போகாதீர்கள்.

சில ஆன்ட்டி வைரஸ்கள் நீக்கிய பிறகும் வாலை விட்டுப் போகும். மெக்காபி, நார்ட்டன் இரண்டுமே வாலை அறுப்பதற்கென்று தனி சாப்ட்வேர் வைத்திருக்கின்றன. அதை அந்தந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுக்க வேண்டும்.

மெக்காபி கம்பெனியைத் தொடங்கிய ஜான் மெக்காபி 1994-லேயே அதை விட்டு விலகிவிட்டார். அப்படியும், "இந்த சாப்ட்வேரை நீக்குவது எப்படி?" என்று அவருக்கே கடிதங்கள் வந்து குவிந்தனவாம்! 2013-ல் அதைக் கேலி செய்து அவரே ஒரு சிறு படம் எடுத்து வெளியிட்டார். 2021-ல் அவர் காலமானார்.

இன்னொன்று. இலவசக் காலத்துக்காக கார்டு நம்பர் கொடுத்திருந்தால், சாப்ட்வேரை நீக்கியதோடு விஷயம் முடியாது. சந்தா தானாகப் பிடித்தமாகும். அந்தக் கம்பெனியின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, "ஆட்டோ ரினியூவல்" என்பதை நிறுத்த வேண்டும்.

விண்டோஸின் நச்சரிப்பு

சில பெட்டிகள் விண்டோஸிடமிருந்தே வரும். "லேப்டாப்பை அமைத்து முடிப்போம் வாருங்கள்" என்று அழைக்கும். இதற்கு "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "நோட்டிபிகேஷன்ஸ்" என்று வரிசையாகப் போக வேண்டும். விண்டோஸ் 11-ல் அடியில் "அடிஷனல் செட்டிங்ஸ்" என்று இருக்கும். அங்கே மூன்று டிக் அடையாளங்கள் உண்டு. மூன்றையும் எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. வேண்டாதவரின் வாயை அங்கேயே மூடலாம்.

லேப்டாப் கம்பெனியின் சொந்த உதவி சாப்ட்வேரை மட்டும் நீக்க வேண்டாம் என்பது என் யோசனை. லெனோவோவுக்கு வான்டேஜ், டெல்லுக்கு சப்போர்ட் அசிஸ்ட் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. லேப்டாப்பின் பாகங்களுக்கு வேண்டிய திருத்தங்கள் அதன் வழியாக வருகின்றன. அதன் அறிவிப்பை மட்டும் அணைத்து வைத்தால் போதும்.

விண்டோஸ் "அப்டேட்" பற்றிய அறிவிப்பையும் அலட்சியம் செய்யக்கூடாது. ஓட்டைகளை அடைப்பது அதுதான். "விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது" என்று வந்தால் அதுவும் உண்மையே. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அது முடிந்தது.

பெருக்கல் குறி மோசம்

பெட்டியை மூட அதன் மூலையில் பெருக்கல் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் "வேண்டாம்" என்று அர்த்தம். உலகமே அப்படித்தான் நினைத்திருந்தது.

2016-ல் அந்த நம்பிக்கைக்கும் ஆபத்து வந்தது! பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களை விண்டோஸ் 10-க்கு மாறும்படி மைக்ரோசாப்ட் கம்பெனி விடாமல் நச்சரித்து வந்தது. அந்த ஆண்டு மே மாதம், "இன்ன நேரத்தில் மாற்றம் நடக்கும்" என்று ஒரு பெட்டி வந்தது. பெருக்கல் குறியை அழுத்தி மூடினார்கள். அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது! கூச்சல் கிளம்பியது. அடுத்த மாதமே கம்பெனி அதை மாற்றிக்கொண்டது.

கலிபோர்னியாவில் பிரயாண ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணி சும்மா இருக்கவில்லை. "நான் கேளாமலே விண்டோஸ் 10 ஏற முயன்றது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தொழில் கெட்டது" என்று வழக்குத் தொடுத்தார். அவருக்கு 10,000 டாலர் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. கம்பெனி அப்பீலைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது!

நம் நாட்டிலும் இதற்கு விதி வந்துவிட்டது. 2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைக் குறிப்பிட்டு அவற்றைத் தடை செய்தது. விடாமல் நச்சரிப்பது அதில் ஒன்று. பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. "வைரஸ் இருக்கிறது" என்று பயமுறுத்திப் போலி மருந்து விற்பதும் ஒன்று. புகார் செய்ய நுகர்வோர் உதவி எண் 1915.

போலிப் பெட்டி

மேலே சொன்னவர்கள் வியாபாரிகள். இவர்கள் நடுவே திருடனும் வருகிறான்!

ஏதோ ஒரு தளத்தில் பாட்டுக் கேட்கவோ படம் பார்க்கவோ போகிறோம். "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்கிறது. "அலவ்" என்பதை யோசிக்காமல் அழுத்துகிறோம். அன்று முதல், "5 வைரஸ் பிடித்திருக்கிறது" என்று மூலையில் பெட்டி வரத் தொடங்கும். பார்த்தால் ஆன்ட்டி வைரஸ் மாதிரியே இருக்கும். எந்த சாப்ட்வேரை நீக்கினாலும் இது போகாது. குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", "சைட் செட்டிங்ஸ்", "நோட்டிபிகேஷன்ஸ்" என்று போனால், நீங்கள் அனுமதித்த தளங்களின் பட்டியல் கிடைக்கும். அறியாத பெயரையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

பயமுறுத்திப் பணம் பறித்த வழக்கில் சைப்ரஸ் தீவைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு கம்பெனிகள் 2024-ல் அமெரிக்க அரசிடம் 2 கோடியே 60 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அவ்வளவு பணம் புரளும் தொழில் இது.

சில சமயம் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். "இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று வரும். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருப்பதே இல்லை. ஆகவே, நம்பரைக் கண்டால் போலி என்று தீர்மானிக்கலாம். "எஸ்கேப்" பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரிய திரை சிறிதாகும். பிறகு மூடிவிடலாம். அதற்கும் அசையாவிட்டால், லேப்டாப் அணையும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.

ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தைக் கைமாறாமல் நிறுத்தி வைக்க வழியுண்டு.