காரின் ரயர் வானுக்குப் பொருந்துமா?

யாத்திரை புறப்படும் நாளில் கட்டுச்சோறு முதல் குழந்தையின் கம்பளிச் சட்டை வரை யாவற்றையும் எண்ணிப் பார்க்கிறோம். ஆயின், அத்தனை பேரையும் சுமந்து செல்லும் ரயர்களை ஏறிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கதிர்காமம் செல்ல வான் ஒன்றை அமர்த்தியது. புறப்படும் வேளையில், பின்சில்லு ஒன்றில் காரின் ரயர் பூட்டப்பட்டிருப்பதை வீட்டுப் பெரியவர் கண்டார். "இரண்டும் 15 அங்குலந்தானே, ஐயா! அகலமும் ஒன்றே, விலையோ குறைவு" என்றார் சாரதி. பெரியவர் பயணத்தை நிறுத்திவிட்டார். சிறுவரின் முகங்கள் வாடின. அவர் செய்தது சரிதானா?

ரயரின் பக்கச்சுவரில் அதற்கு விடை பொறிக்கப்பட்டிருக்கிறது. 195/65ஆர்15 91எச் என்பது காரின் ரயர். 195/70ஆர்15சி 104/102ஆர் என்பது வானின் ரயர். இரண்டும் 195 மில்லிமீற்றர் அகலமுடையவை. 15 அங்குலச் சில்லில் ஏறுபவை. ஆயின் 91 என்னும் எண் 615 கிலோகிராம் பாரத்தையும், 104 என்பது 900 கிலோகிராம் பாரத்தையும் குறிக்கும். 102 என்பது இரட்டைச் சில்லுகளாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் 850 கிலோகிராம் ஆகும். 'சி' என்னும் எழுத்து, அது வர்த்தக வாகனத்துக்குரியது என்பதற்கு அடையாளம்.

ஆட்களும் மூட்டைகளும் ஏறியபின் வானின் பின்னச்சில் 1,500 கிலோகிராம் விழுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு ரயருக்கும் பங்கு 750. காரின் ரயருக்கு அது மிகை. பாரம் மிகும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் வளைந்து நிமிரும்; அவ்வளைவே வெப்பமாகும்; வெப்பம் இறப்பரையும் நூலடுக்குகளையும் பிரிக்கும். முடிவில் ரயர் வெடிக்கும். காற்றைக் கூட்டி இக்குறையைத் தீர்க்கவும் இயலாது. வானின் ரயர் 65 இறாத்தல் வரை காற்றுக் கொள்ளக்கூடும். சாதாரணக் காரின் ரயர் அதற்கென ஆக்கப்பட்டதன்று.

அங்ஙனமாயின், வலிய ரயரைக் காருக்குப் பூட்டலாமன்றோ எனச் சிலர் வினவுவர். அதன் வலிமை காற்றழுத்தத்தைச் சார்ந்தது. காருக்குரிய 32 இறாத்தலில் அது தன் முழுப் பாரத்தையும் தாங்காது. அழுத்தத்தைக் கூட்டினாலோ, பயணம் கரடுமுரடாகும். சில்லும் அவ்வழுத்தத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். ஒரே அச்சில் இருவகை ரயர்களையும் கலத்தல் எவ்வாற்றானும் தகாது.

இவை ஒருபோதும் மாறா என்பதும் பொருந்தாது. பாரம் குறைந்த பிக்கப் வண்டிகள் சிலவற்றுக்குத் தொழிற்சாலைகளே கார் வகை ரயரைப் பூட்டுகின்றன. எனினும் அமெரிக்க விதிப்படி, அவ்வாறு பூட்டும்போது அதன் தாங்குதிறனை 1.10 ஆல் வகுத்தே கொள்ளல் வேண்டும். 615 கிலோகிராம், 559 ஆகிவிடும்.

ஆகவே, சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அதிற் கண்ட அளவும் பாரவெண்ணும் ரயரில் உள்ளனவா என ஒப்பிடுங்கள். எண் குறைந்தால் ஏறாதீர்கள்.

மறுநாள் தக்க ரயர் பூட்டப்பட்டது. ஒரு நாள் பிந்தினாலும், அக்குடும்பம் முருகனைத் தரிசித்து நலமே வீடு திரும்பிற்று.